பொது மேடையில் விசுவாசத்தைக் குறித்து விவாதிக்க அழைப்பு: ஏற்கலாமா, மறுக்கலாமா?

கேள்வி: பாளை வாலிபன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நான் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள ஒரு சேகரத்தில் வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஊரில் பகுத்தறிவு வாசகர் வட்டம் ஒன்று சில ஆண்டுகளாக இயங்கி வருகிறது. அதை நடத்துகிறவர்கள் எங்களுக்கு அந்நியர் அல்லர். பலர் எங்களோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். இருவர் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, பிறகு ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்கள். அவர்களிடமிருந்து எங்களுக்கு எழுத்து மூலமாக ஓர் அழைப்பு வந்திருக்கிறது.

ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்ட அந்தக் கடிதத்தில் நிபந்தனைகள் தெளிவாகவே சொல்லப்பட்டுள்ளன. தலைப்பு, ‘கிறிஸ்தவ விசுவாசம் பகுத்தறிவுக்கு ஏற்றதா?’ என்பது. இரு தரப்பிலும் மூவர் மூவராகப் பேச வேண்டும்; ஆளுக்குப் பதினைந்து நிமிடம்; அதன்பின் குறுக்குக் கேள்விகள்; முடிவில் பார்வையாளர்கள் கைதூக்கி எந்தத் தரப்பு வென்றது என்று அறிவிப்பார்கள். நிகழ்ச்சி முழுவதும் படம்பிடிக்கப்படும் என்றும், ‘முக்கியமான பகுதிகள்’ யூடியூபில் வெளியிடப்படும் என்றும் கடைசி வரியில் இருக்கிறது. எந்தப் பகுதி முக்கியமானது என்று தீர்மானிப்பவர் யார் என்பது மட்டும் எழுதப்படவில்லை.

எங்கள் ஐக்கியம் இப்போது இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஏற்க வேண்டும் என்பவர்கள், “உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்” என்ற பேதுருவின் வசனத்தைக் காட்டுகிறார்கள். வேண்டாம் என்கிற மூத்தவர்கள், கர்த்தருடைய ஊழியக்காரன் சண்டைபண்ணுகிறவனாயிருக்கக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டுகிறார்கள். குருவானவர் இரு தரப்பையும் கேட்டுவிட்டு, ஜெபித்து நீங்களே முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பிற சமயத்தவரோடும் சமயமே வேண்டாம் என்பவர்களோடும் விசுவாசத்தைக் குறித்து வாதிடுவதற்குக் கிறிஸ்தவ முறை என்று ஒன்று உண்டா? உண்டென்றால், இந்த அழைப்புக்கு நாங்கள் என்ன பதில் எழுத வேண்டும்? சபை வரலாறு அறிந்தவர்கள் சற்று விரிவாகவே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: தரங்கை வாசகர்

சகோதரருக்கு அன்பின் வாழ்த்துகள். இறையியல் கல்லூரியில் சபை வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வசனங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பேதுருவின் முதலாம் நிருபம், பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா முதலான நாடுகளில் சிதறி வாழ்ந்து, அக்கம்பக்கத்தாரின் ஏளனத்தைச் சுமந்துகொண்டிருந்த சிறு கூட்டங்களுக்கு எழுதப்பட்டது. இவ்வளவு துன்பத்திலும் இவர்கள் எப்படி நம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் வியந்து கேட்கும்போது பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அங்கே சொல்லப்படும் கடமை. அடுத்த வசனமே நல்மனச்சாட்சியையும் நல்ல நடக்கையையும் பற்றிப் பேசுகிறது. கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து, யார் மேடை போட்டாலும் ஏறியே தீர வேண்டும் என்ற கடமையை வருவித்துக்கொள்ள முடியாது.

மேடையைப் பற்றி நான் தயங்குவதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. இலங்கையில் பாணந்துறை என்ற ஊரில் 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய இரு நாட்களில் கிறிஸ்தவர்களுக்கும் பௌத்தர்களுக்கும் இடையே நடந்த விவாதத்தை உங்கள் ஐக்கியத்தார் அனைவரும் அறிந்திருப்பது நல்லது. கிறிஸ்தவர் பக்கம் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த அருட்திரு டேவிட் டி சில்வாவும் சிறிமான்ன என்ற உபதேசியாரும் பேசினார்கள். பௌத்தர் பக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் தனியாகவே பேசினார். பல்லாயிரம் மக்கள் கூடியிருந்தார்கள்.

அது திடீரென்று மூண்ட விவாதம் அல்ல. பாலி மொழியில் பெரும் புலமை பெற்றிருந்த டேனியல் கோகர்லி என்ற மிஷனரி, 1840களின் இறுதியில் பௌத்தத்தை மறுத்துச் சிங்களத்தில் நூல் எழுதினார். நெடுங்காலம் அச்சகங்கள் மிஷன்களின் கையிலேயே இருந்தபடியால் கண்டனம் ஒரு பக்கத்திலிருந்தே பாய்ந்துகொண்டிருந்தது. 1862இல் குணானந்தர் பௌத்தர்களுக்கென்று ஒரு சங்கத்தையும் அச்சகத்தையும் ஏற்படுத்திப் பதில் அச்சிடத் தொடங்கினார். பத்தேகம, உதன்விட்ட, கம்பளை என்று அடுத்தடுத்து விவாதங்கள் நடந்து, பாணந்துறையில் அது உச்சத்தை அடைந்தது.

டி சில்வா கற்றறிந்தவர். பௌத்தம் ஆத்துமாவை மறுக்கிறது, ஆத்துமா இல்லையென்றால் மறுமையில் பலனை அனுபவிப்பவர் யார் என்று பாலி நூல்களை மேற்கோள் காட்டி அவர் பேசினார். கூடியிருந்த விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும் அதைப் பின்தொடர்வது எளிதாக இருக்கவில்லை. குணானந்தரோ நாவன்மை மிக்கவர். வேதாகமத்தையும் நன்றாகப் படித்திருந்தார். மனுஷனை உண்டாக்கினதற்காகத் தேவன் மனஸ்தாபப்பட்டார் என்று ஆதியாகமம் சொல்வது எப்படி, யெப்தா தன் மகளைப் பலியிட்டது என்ன என்று கேட்டு மக்களைத் தம் பக்கம் ஈர்த்துக்கொண்டார். விவாதத்தின் ஆங்கில அறிக்கை அமெரிக்காவில் நூலாக வெளிவந்து, பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஹென்றி ஆல்காட்டின் கைக்கு எட்டியது. அவர் 1880இல் இலங்கைக்கு வந்தார். அதைத் தொடர்ந்து பௌத்தப் பள்ளிகளும் பௌத்த மறுமலர்ச்சியும் வளர்ந்தன. பௌத்தரின் நோக்கில் அது நல்ல விளைவே, அதில் நமக்கு வருத்தப்பட உரிமை இல்லை.

கிறிஸ்தவர் தோற்றார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வென்றிருந்தாலும் இதையேதான் சொல்வேன். அந்த இரண்டு நாட்களில் ஒரு பௌத்தர், டி சில்வாவின் வாயிலிருந்து தம் சமயத்தைக் கேட்டு, ‘ஆம், நான் நம்புவது இதுதான்’ என்று சொல்லியிருக்க முடியாது. குணானந்தர் வருணித்த தேவனை ஒரு கிறிஸ்தவரும் அடையாளம் கண்டுகொண்டிருக்க முடியாது. எதிராளியிடம் எது பலவீனமாகத் தெரிகிறதோ அதை எடுத்து, கூட்டத்துக்குப் புரிகிற அளவுக்குச் சுருக்கி, கைதட்டல் வரும் வரை அடிப்பதுதான் மேடை விவாதத்தின் இயல்பு. பேசுகிறவர் நல்லவராகவே இருந்தாலும் மேடை அவரை அப்படிச் செய்ய வைக்கிறது. “பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக” என்ற கட்டளை, பிறன் நம்புகிறதைப் பற்றிப் பேசும்போது மட்டும் நமக்கு விலக்கு அளிக்கவில்லை. உலகத் திருச்சபை மன்றமும் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும் உலகச் சுவிசேஷ ஐக்கியமும் 2011இல் கூட்டாக வெளியிட்ட ஆவணம் ஒன்று, பிற சமயங்களைக் குறித்துப் பொய்ச்சாட்சி சொல்லாதபடி கவனமாயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. மற்ற எத்தனையோ காரியங்களில் ஒத்துப்போகாத இந்த மூன்று அமைப்புகளும் இதில் ஒத்துப்போனது கவனிக்கத்தக்கது.

நமக்கு வேறொரு முன்மாதிரியும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் செல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்குப் பின்னர் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எட்டுப் புத்தகங்களில் அதற்கு மறுப்பு எழுதினார். செல்சுஸின் மூலநூல் அழிந்துவிட்டது. ஆனாலும் அதன் பெரும்பகுதி இன்று நமக்குத் தெரியும். காரணம், ஓரிகன் அதைப் பகுதி பகுதியாக, எதிராளியின் சொற்களிலேயே எடுத்து எழுதிவிட்டுத்தான் பதில் சொன்னார். கிறிஸ்தவத்தின் மிகக் கூர்மையான பழைய எதிர்ப்பாளர் ஒருவரின் குரலைக் காப்பாற்றி வைத்தது ஒரு கிறிஸ்தவரின் மறுப்பு நூல். தம் முன்னுரையில் ஓரிகன், பொய்ச்சாட்சிகளுக்கு முன் இயேசு மவுனமாயிருந்ததை நினைவுகூர்ந்து, உண்மையில் இப்படியொரு மறுப்பு தேவைதானா என்று தயங்கியபடியே தொடங்குகிறார். அந்தத் தயக்கம் எட்டுப் புத்தகங்களின் உழைப்பைக் குறைத்துவிடவில்லை.

ஆகவே, கைதூக்கி வெற்றி அறிவிக்கும் இந்த அமைப்பை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. உரையாடலை மறுக்க வேண்டாம்.

பதில்: மெரினா வழக்கறிஞர்

ஐயா அவர்களின் பதிலை மதிப்போடு வாசித்தேன். ஆயினும் அதன் முடிவோடு என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை.

பாணந்துறையிலிருந்து ஐயா எடுத்துக்கொண்ட பாடம் மேடையைப் பற்றியது. எனக்கு அதில் தெரிவது, எதிராளிக்குப் பேசத் தெரியாது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தவர்களின் அலட்சியம். இடமும் நேரமும் மாறியிருந்தாலும் அவர்கள் அப்படித்தான் பேசியிருப்பார்கள். மேலும், அப்பொல்லோ யூதர்களோடு வெளியரங்கமாகப் பலமாய்த் தர்க்கம்பண்ணினான் என்றும், அது விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாயிருந்தது என்றும் அப்போஸ்தலர் நடபடிகளின் 18ஆம் அதிகாரம் பாராட்டாகத்தான் சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில் பவுல் எபேசுவின் வித்தியாசாலை ஒன்றில் இரண்டு வருஷகாலம் அநுதினமும் சம்பாஷித்தார். அதற்கு முன் அத்தேனே பட்டணத்தில், எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற மெய்யியல் பிரிவினர் அழைத்துக்கொண்டுபோன மார்ஸ் மேடைக்கு அவர் மறுக்காமல் போனார். அங்கே அவர்களுடைய பலிபீடத்தின் எழுத்திலிருந்தே தொடங்கி, அவர்களுடைய புலவர்களையே மேற்கோள் காட்டினார். சிலர் பரியாசம்பண்ணினார்கள், சிலர் இன்னொரு வேளை கேட்போம் என்றார்கள், தியொனீசியுவும் தாமரியும் இன்னும் சிலரும் விசுவாசித்தார்கள். அதற்கு மேல் அவர் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் ஐக்கியத்தில் இருக்கும் கல்லூரி மாணவர்கள் இந்தக் கேள்விகளை ஏற்கெனவே கைப்பேசியில் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் வரமாட்டோம் என்று எழுதி அனுப்பினால், வாசகர் வட்டத்தார் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதைவிட, நம் பிள்ளைகள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதே எனக்குக் கவலை. பதில் இல்லாததால்தான் போகவில்லை என்று அவர்கள் நினைத்தால், அதற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் நிபந்தனைகளை மாற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கையெழுத்துக்கு வரும் எந்த ஒப்பந்தத்தையும் அப்படியே ஏற்பவர்களை எங்கள் தொழிலில் நாங்கள் அதிகம் சந்திக்கிறோம். பிறகு அவர்களே கட்டணமும் செலுத்துகிறார்கள். வாக்கெடுப்பு வேண்டாம் என்று எழுதுங்கள். ஒரு மனிதன் தேவனை நம்புவதா வேண்டாமா என்பதைப் பட்டிமன்ற நடுவரைப் போல ஒரு கூட்டம் தீர்ப்பளித்துவிட முடியாது என்று காரணத்தையும் எழுதுங்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள் அந்தக் காரணத்தை மறுப்பது கடினம். காணொளி வெட்டப்படாமல் முழுமையாக வெளிவர வேண்டும், அதன் ஒரு பிரதி அன்றைக்கே உங்களிடம் தரப்பட வேண்டும் என்று கேளுங்கள். தலைப்பைக் குறுக்குங்கள், ‘கிறிஸ்தவ விசுவாசம் பகுத்தறிவுக்கு ஏற்றதா’ என்பது 45 நிமிடத்தில் பேசி முடிக்கிற காரியம் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு தரப்பும் தன் வாதத்தைத் தொடங்குமுன் மறுதரப்பின் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும் என்றும், ‘சரியாகச் சொன்னீர்கள்’ என்று மறுதரப்பு ஒப்புக்கொண்ட பிறகே மேலே பேசலாம் என்றும் ஒரு விதி கேளுங்கள். ஐயா சொன்ன பொய்ச்சாட்சிப் பிரச்சினைக்கு நான் அறிந்த நடைமுறைப் பரிகாரம் இதுவே. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தம் பெருநூலின் ஒவ்வொரு பிரிவிலும் எதிர்வாதங்களை முதலில் வரிசையாக எழுதிவிட்டுத்தான் தம் பதிலுக்கு வருகிறார்.

தோற்றுப்போவோமோ என்ற அச்சம் சிலருக்கு இருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் 1942 முதல் இயங்கிய சாக்ரடீஸ் மன்றத்தில் கிறிஸ்தவர்களும் நாத்திகர்களும் தொடர்ந்து விவாதித்தார்கள். அதன் தலைவராக இருந்தவர் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். அவர் ‘அற்புதங்கள்’ என்ற தம் நூலில், நம் சிந்தனை முழுவதும் பகுத்தறிவற்ற காரணங்களால் விளைந்தது என்றால் அந்தச் சிந்தனையையே நம்ப முடியாது என்று வாதிட்டிருந்தார். 1948 பிப்ரவரியில் அதே மன்றத்தில், அப்போது முப்பது வயதையும் எட்டாத எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற மெய்யியலாளர் அந்த வாதத்தின் ஓட்டைகளை எடுத்துக் காட்டினார். அவரும் பக்தியுள்ள கத்தோலிக்கர் என்பது இங்கே முக்கியம். முடிவு தமக்கு உவப்பானது என்பதற்காகப் பழுதான வாதத்தை அவர் விட்டுவைக்கவில்லை. லூயிஸ் அந்த அதிகாரத்தைத் திருத்தி எழுதி 1960இல் வெளியிட்டார். அந்தத் திருத்தம் அவருடைய நேர்மையைக் காட்டுகிறது என்று ஆன்ஸ்கோமே பின்னாளில் எழுதினார். பழுதான வாதத்தைக் கிறிஸ்துவுக்காகப் பயன்படுத்துவதைவிட, பலர் முன்னிலையில் அதை இழப்பது மேல்.

பதில்: நல்லூர் அடியவன்

வணக்கம். நான் சைவன், யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன். கிறிஸ்தவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இழையில் இடையிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும். பாணந்துறையைப் பற்றிப் பேசியவர்கள் எங்கள் ஊரைத் தொடாமல் விட்டதால் எழுதத் தோன்றியது.

ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். பிறகு அங்கிருந்து விலகிச் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். 1854இல் அவர் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ கண்டன நூல்தான், நடையும் காரமானதுதான். ஆனால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். கோயில், விளக்கு, தூபம், நிவேதனம், தீட்சை, சுத்தி என்று எவற்றையெல்லாம் பாதிரிமார் பரிகசித்தார்களோ, அவற்றுக்கு ஒப்பான விதிகள் லேவியராகமத்திலும் வேதாகமத்தின் மற்ற நூல்களிலும் எங்கெங்கே இருக்கின்றன என்று அது எடுத்துக் காட்டுகிறது. எதிராளியின் நூலை அதன் மொழிபெயர்ப்பு மேசையிலேயே அமர்ந்து வாசித்தவர் எழுதிய மறுப்பு அது.

அந்தக் காலத்து மிஷனரிமாரின் துண்டு வெளியீடுகள் எங்களைப் பற்றி எழுதியதில் புராணக் கதைகள் நிறைய இருந்தன. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (பிணைப்பு) என்று சைவ சித்தாந்தம் பேசுவதை அவற்றில் காண்பது அரிது. இதைப் பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. வட்டுக்கோட்டை செமினரியின் அதிபராக இருந்த ஹொய்சிங்டன் என்ற அமெரிக்க மிஷனரி, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது வெளிவந்ததும் அதே 1854இல்தான். ஒரே ஆண்டில் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் மறுபக்கத்து நூலை உண்மையிலேயே வாசித்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஜி. யு. போப் திருவாசகத்தை 1900இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். அவர் கிறிஸ்தவராகவே இருந்துகொண்டுதான் அதைச் செய்தார்.

என் சமயம் தவறு என்று ஒருவர் என்னிடம் சொல்வது எனக்கு மனத்தாங்கலைத் தருவதில்லை. அவர் கிறிஸ்தவராக இருப்பதன் பொருளே அதில் ஒரு பகுதி அல்லவா? நான் கல்லைத் தேவன் என்று எண்ணிக் கும்பிடுகிறேன் என்று, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், என்னைப் பற்றி எனக்கே சொல்லும்போதுதான் மனம் புண்படுகிறது. எங்கள் பக்கத்தார் செய்வதும் குறைந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்கள் மூன்று கடவுளரைக் கும்பிடுகிறார்கள் என்றும், மதம் மாறியவர்கள் எல்லாரும் சோற்றுக்காக மாறியவர்கள் என்றும் பேசுகிறவர்கள் எங்கள் வீட்டு விருந்துகளில் இருக்கிறார்கள். வழக்கறிஞர் நண்பர் சொன்ன அந்த விதியை, மேடையில் மட்டுமல்லாமல், அங்கேயும் கொண்டுவர முடிந்தால் நன்றாயிருக்கும்.

பதில்: வேலூர்ச் சகோதரி

நான் நோயாளிகள் மத்தியில் ஆறுதல் ஊழியம் செய்கிறவள். விவாதங்களைப் பற்றி அதிகம் அறியேன். ஒன்றை மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்ட இருவரைப் பற்றிச் சகோதரர் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டார். பதில் சொன்ன ஐயாமார்களும் அவர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? வாசித்ததினாலா, அல்லது வீட்டில் ஏதாவது நடந்ததினாலா, அல்லது சபையில் யாராவது ஏதாவது சொன்னதினாலா? தேவன் இருந்தால் இது ஏன் நடந்தது என்று மருத்துவமனையில் என்னிடம் கேட்பவர்களுக்கு மெய்யியல் விடை சொல்லி நான் ஒருவரையும் தேற்றினது இல்லை.

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடுகூடத் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். பிறகு வாய் திறந்து, தேவனுக்காக வாதாடத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்னவற்றில் பல, தனியாக எடுத்துப் பார்த்தால், சரியான உபதேசங்களே. முடிவில் கர்த்தர் கோபங்கொண்டது, தம்மை எதிர்த்துக் கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல, தமக்காக வாதாடின அந்தச் சிநேகிதர்மேல். மேடை ஏறுகிறீர்களோ இல்லையோ, அந்த இருவரையும் அதற்கு முன் வீட்டில் போய்ப் பாருங்கள். அழைப்பிதழைப் பற்றி அங்கே பேச வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் பின்குறிப்பு: பாளை வாலிபன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இந்த இழையை அச்செடுத்து ஐக்கியக் கூட்டத்தில் வாசித்தோம். வேலூர்ச் சகோதரியின் பதிலுக்குப் பின் கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி குருவானவரும் நானும் இருவரையும் சந்தித்தோம். அங்கே பேசியதைப் பொதுவில் எழுதுவது முறையல்ல.

வாசகர் வட்டத்துக்கு, வழக்கறிஞர் ஐயா சொன்ன மாற்றங்களோடு பதில் அனுப்பினோம். வாக்கெடுப்பைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். காணொளியை வெட்டாமல் வெளியிடவும் ஒப்புக்கொண்டார்கள். மறுதரப்பின் நிலைப்பாட்டை முதலில் சொல்ல வேண்டும் என்ற விதியை மட்டும், நேரம் போதாது என்று சொல்லி ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக அவர்களே வேறொன்றைச் சொல்கிறார்கள்: மேடைக்கு முன்பு இரு தரப்பும் ஒரு நூலைப் பரிமாறிக்கொண்டு, ஒரு மாதம் வாசித்துவிட்டு, பார்வையாளர் இல்லாமல் ஒரு மாலை கூடிப் பேசலாம், அதற்குப் பிறகும் மேடை வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யலாம். அவர்கள் தருவது, ஆங்கில மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தாம் ஏன் கிறிஸ்தவர் அல்ல என்று 1927இல் ஆற்றிய உரையின் தமிழாக்கம். நாங்கள் எதைக் கொடுப்பது? விசுவாசத்தைப் பாதுகாத்து எழுதப்பட்ட நல்ல நூல் ஒன்றைக் கொடுக்கலாம் என்று சிலரும், யோவான் சுவிசேஷத்தைக் கொடுக்கலாம் என்று சிலரும் சொல்கிறார்கள்.

பதில்: தரங்கை வாசகர்

அவர்கள் முன்வைத்திருப்பது நாங்கள் சொன்னவற்றைவிட நல்ல ஏற்பாடு, தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மேடையைக் குறித்து வழக்கறிஞர் எழுதியவற்றில் நிபந்தனைகளைப் பற்றிய பகுதியை ஏற்கிறேன். அப்பொல்லோவுக்கு எதிரில் இருந்தவர்கள் அவனோடு ஒரே வேதவாக்கியங்களை ஏற்றவர்கள் என்பதை மட்டும் அவர் மறுபடி யோசிக்கட்டும்.

பார்வையாளர் இல்லாத அந்த மாலைக்கு உதவக்கூடிய ஒரு பழைய முயற்சியைச் சொல்கிறேன். வட இந்தியாவில் ஊழியம் செய்த ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற மெதடிஸ்ட் மிஷனரி, 1920களில் இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர், சமய நம்பிக்கை அற்றவர்கள் ஆகியோரை ஒரே வட்டமாக அமரச் செய்து கூட்டங்கள் நடத்தினார். அங்கே பிரசங்கம் இல்லை, வாதம் இல்லை. தன் நம்பிக்கை அல்லது நம்பிக்கையின்மை தன் வாழ்வில் என்ன செய்திருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அவர் தம் சாட்சியை மறைக்கவும் இல்லை; கிறிஸ்துவைப் பற்றி அந்த வட்டத்தில் தாராளமாகவே பேசினார். முதல் அரை மணி நேரத்தையாவது இப்படி வைத்துக்கொண்டு, பிறகு ரஸ்ஸலுக்குப் போங்கள்.

நூலைப் பற்றி. பாதுகாப்பு நூல் எதையும் கொடுக்க வேண்டாம். அப்படிக் கொடுத்தால் அந்த ஆசிரியரோடு அவர்கள் வாதிட்டுக்கொண்டிருப்பார்கள். யோவானுக்குப் பதிலாக மாற்குவைக் கொடுங்கள். அது ஒரே மாலையில் வாசித்து முடிக்கக்கூடிய அளவு என்பது ஒரு காரணம். மற்றொன்று முக்கியமானது: ரஸ்ஸல் தம் உரையில் இயேசுவின்மேல் குறையாகச் சொல்கிற காரியங்கள், அதாவது அத்திப்பழக்காலம் அல்லாதபோது சபிக்கப்பட்ட அத்திமரம், கடலில் பாய்ந்து மாண்ட பன்றிக்கூட்டம், அவியாத அக்கினியைப் பற்றிய எச்சரிப்பு ஆகிய மூன்றும் மாற்குவிலேயே இருக்கின்றன. அவர்கள் எழுப்பப்போகும் கேள்விகளுக்கான பக்கங்களை நீங்களே அவர்கள் கையில் கொடுத்தவர்களாவீர்கள். நீங்களும் 5, 9, 11ஆம் அதிகாரங்களை இந்த மாதம் ஐக்கியத்தில் பொறுமையாகப் படித்துவிடுங்கள். அத்திமரத்தை வாசிக்கும்போது, தேவாலயச் சம்பவத்துக்கு முன்னும் பின்னுமாக மாற்கு அதை வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

வேதாகமச் சங்கம் சுவிசேஷங்களைத் தனித்தனிச் சிறு புத்தகங்களாக விற்கிறது. வாங்கி அப்படியே கொடுங்கள். உள்ளே துண்டுப்பிரதி எதையும் வைத்து அனுப்ப வேண்டாம்.